ஆறாம் பக்கத்து நோயாளி

காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில் அவருக்குக் கையேட்டுக்காரர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. வருடா வருடம் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விளக்கி இருபது பக்கக் கையேடு எழுதுவது அவர் வேலை. எழுதியவரையும் பிழை திருத்தியவரையும் தவிர உலகத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பத்தொன்பது வருடம் ஓட்டியிருந்தார்.

அதில் ஆறாம் பக்கம் மட்டும் அவருக்குச் செல்லம். அங்கே ஒரு 'மாதிரி நபர்' குடியிருந்தார். சர்க்கரை நோய். அவருக்கு வருடத்தில் என்னென்ன செலவாகும், நிறுவனம் எவ்வளவு கட்டும், அவர் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று ஒரு பட்டியல். புதிதாக ஓர் ஆளைக் கற்பனை செய்யச் சோம்பல்பட்டு, கையேட்டுக்காரர் தன் அக்காவையே தூக்கி அங்கே உட்காரவைத்திருந்தார். அக்காவின் வயது, எடை, எத்தனை யூனிட் இன்சுலின், தினம் எத்தனை தரம் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது, எல்லாம் அப்படியே.

அக்கா தையல்காரி. கணவர் போன பிறகு மிதி மிஷினை மிதித்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். தம்பி சொன்னான் என்பதற்காக இதே திட்டத்தில் சேர்ந்தவள். கையேடு கைக்கு வந்ததும் நேராக ஆறாம் பக்கத்துக்குத்தான் போவாள். வாசகர் கணக்கில் மட்டும் தம்பி அவளைச் சேர்த்ததில்லை.

"என் வண்டவாளத்த ஊருக்கே அச்சடிச்சுக் குடுக்கறியேடா!" என்று திட்டிவிட்டு, மிஷின் டிராயரில் பத்திரமாக வைத்துக்கொள்வாள்.

போன வருடம் திட்டத்தை மாற்றினார்கள். மருந்துகளை மூன்று படியாகப் பிரித்தார்கள். முதல் படி மருந்துக்கு நோயாளி கொடுப்பது கொஞ்சம், மூன்றாம் படிக்கு முக்கால்வாசி. இன்சுலின் மூன்றாம் படிக்கு ஏறியது. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு எந்தப் படியிலும் இடமில்லை. கையேட்டுக்காரர் கூட்டிப் போட்டார். மாதிரி நபரின் கையிலிருந்து வருடத்துக்குப் பதினெட்டாயிரம் போனது.

மேலாளர் அம்மா பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன சார், இதப் படிச்சா எவன் சேருவான்?"

"திட்டம் அப்படி இருக்கே மேடம்."

"திட்டத்த யாரு மாத்தச் சொன்னா? ஆள மாத்துங்க."

மாற்றினார். மூன்றே நாளில் மாதிரி நபர் அபாரமாகத் தேறினார். இன்சுலின் போய், முதல் படியில் இருந்த பழைய மாத்திரை வந்தது. தினம் நான்கு தரம் விரல் குத்தியது வாரத்துக்கு ஒரு தரம் ஆனது. டாக்டரை நான்கு முறை பார்த்தவர் ஒரு முறை எட்டிப் பார்த்தார். வயதையும் எடையையும் மாற்ற மட்டும் கையேட்டுக்காரருக்குச் சோம்பல். மொத்தம் நாலாயிரம்.

"நாற்காலிய விட்டு எழுந்திரிக்காம சுகர கொணப்படுத்துன மொதல் ஆள் நான்தான்யா," என்று கேண்டீனில் மார்தட்டினார். மேஜையே சிரித்தது. அவர் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தம்.

ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கையேட்டுக்காரர் அக்காவின் தையல்கடைக்குப் போனார். மிஷினின் ஓசை தப்பித் தப்பிக் கேட்டது. அக்கா இடது காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். வலது கால் ஒரு துணிச்சுருளின் மேல் கிடந்தது. கட்டைவிரலைச் சுற்றி வெட்டுத்துணிக் கட்டு.

"என்னக்கா இது?"

"செருப்புக் கடி. வலியே இல்ல, விடு."

சர்க்கரைக்காரருக்குப் புண் வலிக்காவிட்டால் அதுதான் கெட்ட செய்தி என்று அவருக்குத் தெரியும். "சுகர் பாத்தியா?"

"வாரத்துக்கு ஒரு தரம் பாக்கறேன். அது போதும்."

"போதும்னு எந்தப் புத்திசாலி சொன்னான்?"

"நீதான்."

டிராயரைத் திறந்து கையேட்டை எடுத்தாள். ஆறாம் பக்கம். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் தையல் சாக்பீஸால் ஒரு கோடு.

"ஜனவரியில மருந்துக்கடைல இன்சுலின் வெல கேட்டேன். கேட்டுட்டு வெறுங்கையோட வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி இதத் தொறந்தா, என் வயசு, என் எட, ஆனா மருந்து மட்டும் வேற. அக்காகிட்ட நேர்ல சொன்னா கோவிச்சுப்பான்னு தம்பி எழுதியே குடுத்துட்டான் பாருன்னு சந்தோஷப்பட்டேன். பழைய மாத்திரைச் சீட்டு வச்சிருந்தேன், அதக் காட்டி வாங்கிக்கிட்டேன்."

"அக்கா, அது சும்மா ஒரு மாதிரிக்கா..."

"மாதிரிய வச்சுத்தானேடா முப்பது வருஷமா துணி வெட்டறேன்? குடுத்தத அப்படியே வெட்டுவேன். சரியில்லேன்னா குடுத்தவன்ல சொல்லணும்?"

அவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் முதலில் கட்டைவிரல் போனது. அடுத்த வாரம் பாதத்தில் பாதி. வீடு திரும்பும் நாளில் பில் கவுண்ட்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தாள்.

"நீங்க கட்ட வேண்டியது ஒண்ணுமே இல்ல சார். ஆப்பரேஷன், ரூம், எல்லாமே கம்பெனி. நல்ல பாலிசி. யாரு சார் எடுத்துக் குடுத்தது?"

கையேட்டின் பதினோராம் பக்கம், தடித்த எழுத்து: 'அறுவை சிகிச்சைக்கு நூறு சதவீதம்.' அந்தத் தடிமன் அவர் யோசனை. அந்தப் பில் தொகையில் அக்காவுக்கு ஆயுசுக்கும் ஸ்ட்ரிப் வாங்கியிருக்கலாம். கணக்கு தெரிந்த மனிதர் என்பதால் அங்கேயே நின்று அதையும் போட்டுப் பார்த்துத் தொலைத்தார்.

இந்த வருடக் கையேட்டில் ஆறாம் பக்கத்தைத் திருத்தினார். இன்சுலின், தினம் நான்கு ஸ்ட்ரிப், நான்கு முறை டாக்டர், பதினெட்டாயிரம். அடியில் ஒரு வரி சேர்த்தார்: 'இந்த நபருக்கு இரண்டு கால்களும் உண்டு.'

அச்சாகி வந்தபோது பழைய மாத்திரையும் நாலாயிரமும் திரும்பி வந்திருந்தன. கடைசி வரியை மட்டும் மேலாளர் அம்மா விட்டுவைத்திருந்தார். நம்பிக்கை தரும் வரியாம்.

மாதச் சம்பளத்தில் வாங்கிய இன்சுலினும் ஸ்ட்ரிப் டப்பாவுமாக அக்காவின் கடைக்குப் போனார். மிஷினில் மாட்டியிருந்த சட்டையின் ஓரத்தில் தையல் பாம்பு போல நெளிந்திருந்தது.

"இந்த வருஷப் புத்தகம் எங்கடா?"

கொடுத்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள். நாலுக்கு அப்புறம் ஏழு இருந்தது. நடுவில் கிழித்த ஓரம்.

"ஆறு எங்க?"

"அது உனக்கு அளவு சரியா வராதுக்கா."

அக்கா கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாள். "வேற யாருக்குடா வரும்?"

இரண்டு லட்சம் பிரதி போயிருந்தது. யாரும் படிப்பதில்லை என்ற பழைய தைரியத்தைக் கையேட்டுக்காரர் உள்ளே தேடிப் பார்த்தார். அக்கா இடது காலை மிதிபலகையில் வைத்தாள்.