யாழிசைப்போன் பொறித்த பளிங்குக் கிண்ணம்

பல்லாவரக் குன்றுகளின் கல்லுடைத்த மேனி காலைக் கதிரில் செம்மை பூக்க, மீனம்பாக்கத்தில் இறங்கும் வானூர்திகளின் நிழல் மாடியில் உலரும் ஆடைகள்மீது படர்ந்து விலக, தோல் பதனிடும் பட்டறைகளின் புளித்த நாற்றத்தை வாடைக்காற்று தெருத்தெருவாய்ச் சுமந்து திரிய, பம்மல் என்னும் ஊர் புத்தாண்டின் முதல் நாளைக் கண்டது.

நல்லோரே, அவ்வூரில் தபீதாள் என்பாளின் கூடத்தில் உறவினர் பதினைவர் கூடியிருந்தனர். மேசைமீது நின்றது நூற்றைம்பது ஆண்டு அகவையுடைய மேலைநாட்டுப் பளிங்குக் கிண்ணம். தோல் வணிகம் செய்த ஆங்கிலேயன் ஒருவன் இவர்தம் முப்பாட்டனுக்கு அளித்தது. பனி படிந்தாற்போல் வெண்மையாய்ச் செதுக்கிய அதன் புறத்தில் இளைஞன் ஒருவன் யாழ் மீட்ட, அரிமாவும் கரடியும் அவன் காலடியில் உருகிக் கிடந்தன. அவன் ஆயனாயிருந்து அரசனான தாவீதே என அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக நம்பினர். புத்தாண்டுதோறும் திருமறை வாக்குகள் எழுதிய சீட்டுகளை அதனுள் இட்டு, கிண்ணம் உடையவர் நீட்ட, ஏனையோர் ஒவ்வொன்றாய் எடுப்பது வழக்கம்.

தாய் அதை மகள் தபீதாளுக்கே தந்து மறைந்தாள். மூத்தவன் சத்தியநாதனோ, தங்கையின் வீட்டு வாயிலேறி அவள் நீட்டியதில் கையிட்டெடுக்கும் சிறுமையை இருபது ஆண்டுகளாக நஞ்சென விழுங்கி வந்தவன். இவ்வாண்டு அதனை உமிழவே வந்திருந்தான்.

"யாரும் அதத் தொடாதீங்க!" என்று முழங்கி, அருங்காட்சியகம் ஒன்றிலுள்ள இதே போன்ற கிண்ணத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். "நல்லா பாருங்க. இவன் தாவீதும் இல்ல, ஒண்ணும் இல்ல. கிரேக்க புராணத்துல யாழ் வாசிச்சே மிருகங்கள மயக்குற ஓர்பியஸ். இத்த நடுவூட்ல வச்சிகினு இவ ஜெபம் பண்றா!"

தபீதாளின் கணவன் ஏசுதாசன் நகைத்தான். "இன்னா மச்சான், இருபது வருசமா நீயுந்தான் அதுல கைய வுட்ட. அப்பல்லாம் கடிக்கலியா?"

"தெரியாம செஞ்சது வேற. தெரிஞ்சும் வச்சிகினு கீறது பாவம்" என்ற சத்தியநாதன் குரலைத் தாழ்த்தினான். "எங்கிட்ட குடு தபீ. நானே எடுத்துகினு போய்த் தொலைச்சிடறேன்."

அத்திடீர்க் கனிவே அவனைக் காட்டிக்கொடுத்தது. தொலைப்பதற்கன்று, தன் வீட்டில் வைத்துக்கொள்ளவே கேட்கிறான் எனத் தபீதாள் உணர்ந்தாள். சீட்டுகளை மேசைமீது கொட்டி, வெறுங்கிண்ணத்தை அவன் கையில் வைத்து, முற்றத்துத் துணி துவைக்கும் கல்லைச் சுட்டினாள்.

"பாவம்னா இப்பவே ஒடைண்ணா. எல்லார் எதுர்லயும். உன் வூட்டுக்கு மட்டும் எடுத்துகினு போவாத."

"ஓங்கு மச்சான், இன்னா யோசிக்கிற?" என்றான் ஏசுதாசன்.

இருபது ஆண்டுகள் விழைந்த பொருள், இருபது ஆண்டுகளில் முதன்முறையாக, முழுதும் அவன் கையில் இருந்தது. கதிரொளி பளிங்கினூடே பாய்ந்து யாழின் நரம்புகளை அவன் உள்ளங்கையில் வரைந்தது. உடைக்காது விடின் பொய்யனாவான், உடைப்பின் வெறுங்கையனாவான். சுற்றத்தின் விழிகள் முட்களாய்த் தைக்க, பற்களைக் கடித்து ஓங்கி அறைந்தான். அரிமாவும் கரடியும் பாணனும் ஒருங்கே சிதறினர்.

தபீதாள் அழவில்லை. துடைப்பத்தை எடுத்து அண்ணன்முன் எறிந்தாள்.

"கொயந்தைங்க நடக்குற எடம். பெருக்கிட்டுப் போ."

அவன் குனிந்து பெருக்கினான், ஒருவரும் உதவவில்லை. ஆன்றோரே, அவ்விரு வீடுகளும் உரிமை கோரிப் பூசலிடுதற்கு இனி ஒரு பொருளும் இல்லை. பூசல் மட்டும் கீறலும் இன்றி முழுமையாய் நிற்கின்றது.