கோட்டைக்கு முன்னால் ஒரு படம்

பிரிக்பீல்ட்ஸ் நாகையா ஸ்டூடியோவில் தொங்கிய திரைச்சீலைக் கோட்டையை இராசேஸ்வரிக்குத் தன் வீட்டைவிட நன்றாகத் தெரியும். மலையுச்சியில் கற்கோபுரங்கள், கீழே பள்ளத்தாக்கில் வளைந்தோடும் ஆறு. எந்தச் சீமையில் எந்த ராசா கட்டியதோ, வரைந்தவருக்கே வெளிச்சம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் முதன்முதலாக அதன் முன் நின்றபோது அவள் புது ஆசிரியை. இப்போது அவளிடம் படித்த பிள்ளைகளே கல்யாணக் கோலத்தில் வந்து அங்கே நிற்கிறார்கள்.

எல்லாம் அப்பா சிவசம்புவின் கொள்கை. மாப்பிள்ளை வீட்டுக்குச் சாதகத்தோடு போன படம் திரும்பி வந்துவிட்டால் அது ராசியில்லாத படம். இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது; அடுத்த வீட்டுக்குப் புதுப்படம்தான் எடுக்க வேண்டும். ரயில்வேயில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொல்லியும் கேட்கமாட்டார். திரும்பி வந்தவற்றைக் கிழிக்க மனம் வராமல் அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார்.

போன வாரம் கிள்ளானிலிருந்து இன்னொன்று திரும்பியது. இன்று பள்ளி விட்ட கையோடு அப்பாவுடன் மறுபடியும் ஸ்டூடியோ. பட்டுச்சேலைக்குள் வியர்த்து வழிந்தது. இராசேஸ்வரிக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புதான், எலும்புவரைக்கும் அலுப்பு.

"அங்கிள், புதுசா நீர்வீழ்ச்சி சீன் வந்திருக்கு லா," என்றார் நாகையா. "கோட்டை பழசாயிடுச்சு. ஆத்துல பூஞ்சை பூத்துப்போச்சு."

சிவசம்புவின் முகம் மலர்ந்தது. "இந்தக் கோட்டைதான் ராசியில்லை! நீர்வீழ்ச்சியைப் போடுங்கோ."

"வேண்டாம், கோட்டையே இருக்கட்டும்," என்று இராசேஸ்வரி ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாகையா விளக்கைப் போட்டார். "அப்பா, நீங்களும் வாங்கோ. பக்கத்தில நில்லுங்கோ."

"என்ன விசர்க்கதை பிள்ளை? நான் நிண்டால் இதை எப்பிடி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிறது?"

"அனுப்ப வேண்டாம் அப்பா. இனி ஒருத்தருக்கும் வேண்டாம். எனக்குக் களைச்சுப் போச்சு. இது எங்கட வீட்டில மாட்ட."

சிவசம்பு கோட்டையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்ல வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"கொஞ்சம் சிரிங்க அங்கிள்," என்றார் நாகையா.

சிவசம்பு மகள் பக்கம் குனிந்தார்.

"இது திரும்பி வராதுதானே, பிள்ளை?"