ஒரே பெட்டியில் எல்லா டிஸ்க்கும்

சங்கரலிங்கம் அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கருத்து மட்டும் லோடு லோடாக வைத்திருப்பார். நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி, சிவகாசியில் அச்சகம், விருதுநகரில் வற்றல், பருப்பு மொத்த வியாபாரம் என்று மூன்று தொழில் நடத்துகிற மனுஷரை யார் எதிர்த்துப் பேசுவது? நான்தான் பேசினேன். என் வாய் அப்படி.

2009ஆம் வருடம். மூன்று இடத்துப் பழைய கம்ப்யூட்டர்களையும் ஓரங்கட்டிவிட்டு, நாரணாபுரம் ஆபீசிலேயே சொந்தமாக ஒரு கிளவுட் போடுவதென்று முடிவானது. பெரிய சர்வர் இரண்டு. அவற்றுக்குள் விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது ஒரே இரும்புக்குள் பல கம்ப்யூட்டர் இருப்பதுபோல. பட்டாசு பில்லுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று, விருதுநகருக்கு ஒன்று. அதுவரை சண்டை இல்லை. அந்த மெஷின்களின் டிஸ்க்கை எங்கே வைப்பது என்பதில்தான் வினை வந்தது.

"அந்தந்த சர்வர் சாமான் அதுக்குள்ளயே இருக்கட்டும்லே," என்றார் அண்ணாச்சி.

"அப்படி வச்சா, ஒரு சர்வர் படுத்தா அதுல ஓடுற மெஷினும் சேந்து படுத்துரும் அண்ணாச்சி. டிஸ்க் பூராத்தையும் பொதுவா ஒரு பெட்டியில வச்சிட்டா, ஒரு சர்வர் போனாலும் இன்னொண்ணு எடுத்து ஓட்டும். பில் நிக்காது."

"எல்லாத்தையும் ஒரே பெட்டியிலயா? ஏலே செல்வக்குமாரு, வெடிமருந்து கலக்குற ரூம் தனி, அதைக் குழாயில செலுத்துற ரூம் தனி, காயப்போடுற மேடை தனின்னு எதுக்குலே கட்டி வச்சிருக்கேன்? போனா ஒண்ணோட போகட்டும்னுதான?"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

விடவில்லை நான். பொதுப்பெட்டி ஒன்றை மதுரைக் கம்பெனிக்காரனிடம் பார்வைக்கு வாங்கி வந்து மாட்டி, அவர் கண் முன்னாலேயே ஒரு சர்வரின் வயரைப் பிடுங்கிக் காட்டினேன். செத்துப்போன விருதுநகர் மெஷின் கொஞ்ச நேரத்தில் அடுத்த சர்வரில் எழுந்து உட்கார்ந்தது. அண்ணாச்சி தாடையைத் தடவினார்.

"சரி, வாங்கித் தொலை. ஆனா சீசன்ல பில் நின்னுச்சு, நீ மறுபடி மருந்து ரூமுக்குத்தான் போற."

அதே கம்பெனியில் மருந்து செலுத்திக்கொண்டே தபாலில் படித்து மேலே வந்தவன் நான். அம்மா இருளம்மாள் இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். சோற்றில் கைவைக்கும்போதும் அவள் விரலிடுக்கில் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கும். எனக்கு அந்த ரூம் வேண்டாம். செத்தாலும் வேண்டாம். இருந்தாலும் "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன்.

பெட்டி வந்தது. கூடவே அண்ணாச்சியின் பெயிண்டரும் வந்தார். பட்டாசு கம்பெனியில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து என்று எழுதியிருக்க வேண்டும். சர்வர் ரூமும் ரூம்தானே என்று அண்ணாச்சி என் கதவிலும் எழுத வைத்தார்: "ஆள்: 1. மருந்து: இல்லை." அந்த ரூம் ஆளைத் தவிர வேறு யார் உள்ளே நுழைந்தாலும் அன்றைக்கு முழுக்கக் கேட்டுக்கு வெளியேதான். அவர் மகன் தருண்குமாரே ஒருதரம் வெளியே நின்றிருக்கிறான்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாள் பட்டப்பகலில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் சர்வருக்கு உண்டு, ஏ.சி.க்குக் கிடையாது. அது அண்ணாச்சியின் சிக்கனம். ரூம் வெந்தது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, கணக்குப் பார்க்கும் பாண்டிச்செல்வியிடம் ஸ்டாண்டு ஃபேனைக் கேட்க ஓடினேன்.

"ஏன், எனக்கு வேர்க்காதாக்கும்?" என்று அவள் ஃபேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இழுபறியாகி, ஒருவழியாகப் பிடுங்கிக்கொண்டு வந்து பார்த்தால், பெட்டி பொக்கை வாய் மாதிரி கிடந்தது. ஒரு டிஸ்க்கைக்கூடக் காணோம்!

வெளியே ஓடினேன். வேப்பமரத்தடி மணலில், ஒரு கை தூரம் விட்டு ஒவ்வொரு டிஸ்க்காகப் பரப்பி வைத்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தீ வாளியை இரண்டு கையாலும் தூக்கி நிற்கிறார் அண்ணாச்சி.

"அய்யய்யோ, அண்ணாச்சீ!"

"கத்தாதலே. அந்தப் பக்கமா வந்தேன், பெட்டி தோசைக்கல்லா கொதிக்குது. மஞ்ச லைட்டு வேற மினுக்குது. சூடான சாமானைச் சேத்து வைக்கலாமா? பிரிச்சுப் போட்டுட்டேன். தண்ணிய ஊத்துனா அடங்கிரும்."

பாய்ந்து வாளியைப் பிடித்தேன். தண்ணீர் பூராவும் என் தலையில். அதற்குள் ஆபீசிலிருந்து பாண்டிச்செல்வி கூப்பாடு போட்டாள்: "பில் வரல! மூணு கம்பெனியும் நின்னுபோச்சு!" வாசலில் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கினார்கள்.

நல்லவேளை, ஒவ்வொரு டிஸ்க்கிலும் நம்பர் ஒட்டியிருந்தேன். மணலைத் துடைத்து, அதது இடத்தில் செருகி, ஃபேனைத் திருப்பிவிட்டு, சுவிட்சைப் போட்டேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். பச்சை லைட்டு ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் பாண்டிச்செல்வியின் பிரிண்டர் சத்தமும் கேட்டது.

அண்ணாச்சி கதவில் சாய்ந்து நின்றார். "வந்துருச்சு. ஆனா நின்னுச்சுல்ல? ஒரே பெட்டிங்கவும் மூணும் சேந்து நின்னுச்சு. அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தலையிலிருந்து தண்ணீர் வேறு சொட்டுகிறது.

"அண்ணாச்சி, மருந்து ரூம்ல அந்த ரூம் ஆளு இல்லாதவன் நுழைஞ்சு சாமானைத் தொட்டா யாரை வெளிய அனுப்புவீக?"

"தொட்டவனை."

"இங்கன தொட்டது யாரு?"

கேட்டுவிட்டேன். தொலைந்தது, நாளைக்கு மருந்து ரூம்தான் என்று நினைத்தேன். அண்ணாச்சி கதவிலிருந்த எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், நடந்தார். நேரே கேட்டுக்கு வெளியே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் முனியசாமி கேட்டைச் சாத்துவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி செய்தார். முதலாளியைத் தேடி ஆர்டரோடு வந்த ஆந்திரா வியாபாரி, டீக்கடையிலேயே விலை பேசிவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆகும்போது கேட்டுக்கு மேலாகக் குரல் வந்தது. "ஏலே! அதே மாதிரி இன்னொரு பெட்டி வாங்கி விருதுநகர் பருப்புக் கிட்டங்கியில வையி! இதுல எழுதுறதை அதுலயும் எழுதட்டும்! ரெண்டையும் ஒட்டி வச்சே, தோலை உரிச்சிருவேன்! ஏ.சி.க்கும் ஜெனரேட்டர் லைன் இழு!"

சரியான யோசனை. மதுரைக்காரன் சொல்லி, நான் காதில் வாங்காமல் விட்டது. ஆனால் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு டீ கூட இறங்கவில்லை.

வேலை முடிகிற சங்கு ஊதியது. அண்ணாச்சி உள்ளே வந்து, என் பக்கமே திரும்பாமல் மருந்து ரூம்கள் இருக்கும் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அம்மா தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

"படுபாவி, என்னலே செஞ்சு தொலைச்ச? உடுப்பு மாத்துற ரூம்ல, மருந்து வேலைக்குப் போடுற உன் பருத்திச் சட்டை ஆணியில தொங்குச்சுல்ல? அவன் எப்படியும் திரும்பி வருவான், யாரும் தொடக்கூடாதுன்னு இம்புட்டு வருசமா அண்ணாச்சிதான் போட்டு வச்சிருந்தாரு. இப்ப அவரே கழட்டி, புதுசா வந்த செல்லப்பாண்டிக்குக் குடுத்துட்டாரு. உனக்கு இனிமே அங்கன எடம் கிடையாதாம்லே!"

நான் சிரித்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"இன்னொருக்காச் சொல்லும்மா."

"எதைலே?"

"எனக்கு அங்கன எடம் இல்லைங்கிறதை."

பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடியும் சொன்னாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.