போர்ட்டல் போட்ட கறுப்புக் கட்டம்

தாய் ஞானமலர் தொலைபேசியில் ஓவென்று அழுதபோது, கிளிநொச்சியில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இருந்த பிறின்சிக்கு வாய் நிறையப் பாண்.

"பிள்ளை, கொப்பரின்ர படத்துக்குக் கறுப்புக் கட்டம் போட்டிருக்கு! கீழ மெழுகுதிரி எரியுது! என்னட்டச் சொல்லாமல் என்னத்தையடி மறைக்கிறியள்?"

விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பிறின்சி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவள் செய்த பக்கம்தான். கரையோர மீனவர் சங்கங்களின் சமாசத்துக்கு ஒரு இணையப் போர்ட்டல் இருக்கிறது. ஐஸ் விலை, எண்ணெய் மானியம், கூட்ட அறிவித்தல் எல்லாம் அதற்குள் தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும். அங்கே வைப்பதற்கு 'கடலில் நிற்பவர்கள்' என்று புதுப் பெட்டி ஒன்று கேட்டிருந்தார்கள். தொழிலுக்குப் போனவரின் படம், கீழே பெயர். கடலில் நின்றால் படத்தைச் சுற்றி நீலம். கரைக்கு வந்து போனில் பட்டனை அமத்தினால் பச்சை. அவளுடைய ஊரான கொக்கிளாயில் பேதுரு என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், படம் இல்லாமல் சரிவராது என்று அடித்துச் சொன்னதே பிறின்சிதான்.

தன் கணினியில் தனியாகத் திறந்து பார்த்தபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. போர்ட்டலுக்குள் வைத்த பிறகும் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. பசி வந்துவிட்டது, பாண் வாங்கப் போய்விட்டாள். ஞானமலரோ பெருமை தாங்காமல், "என்ர மகள் செய்தது, எல்லாரும் பாருங்கோ" என்று கரை முழுவதற்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டிருந்தாள்.

இப்போது திரையில் அவள் அப்பா பேதுரு கறுப்பு வெள்ளையில் இருந்தார். சங்க அட்டைக்கு எடுத்த படம், மனுசன் அதில் முதலே சிரிக்கவில்லை. சுற்றிவரத் தடித்த கறுப்பு, பெயருக்குக் கீழே மெழுகுதிரி. நிரலில் எந்த வரியில் என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியும். எழுதியவளே அவள்தான். ஆனாலும் அந்த ஒரு கணத்தில் அவளும் நம்பினாள். அப்பா போய்விட்டார் என்றே நம்பினாள்.

பிறகுதான் பக்கத்துப் படம் கண்ணில் பட்டது. அதற்கும் கறுப்பு. அடுத்ததற்கும் கறுப்பு. இன்று கடலுக்குப் போகப் பெயர் கொடுத்த அத்தனை பேருக்கும் போர்ட்டல் ஒரே மூச்சில் அஞ்சலி செலுத்தியிருந்தது.

"அம்மா, அழாதேங்கோ. எல்லாருக்கும் அப்பிடித்தான் வந்திருக்கு. சின்னராசா மாமாவின்ர படத்தையும் பாருங்கோ."

"அவர் விடியவே வந்திட்டார். தனக்கு ஆர் மெழுகுதிரி கொளுத்தினதெண்டு வாசலில நிண்டு கத்துறார்."

"பாத்தீங்களே! அவருக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"அவர் வந்திட்டாரடி. கொப்பர் வரேல்லையே. காத்தும் தூக்குது. மற்ற நாளெண்டால் இந்நேரம் வந்து தேத்தண்ணி குடிச்சிருப்பார்."

பேதுருவின் தொலைபேசி கடலுக்குள் எடுபடாது. கையில் இருந்த வேலையையாவது பார்ப்போம் என்று பிறின்சி, நிறத்தையும் கட்டத்தையும் தீர்மானிக்கும் போர்ட்டலின் ஸ்டைல் விதிகளைக் கிண்டத் தொடங்கினாள். பக்கத்து மேசைச் சதீசும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்தான்.

குற்றவாளி சீக்கிரமே அகப்பட்டது. படமும் அதற்குக் கீழே பெயரும் எங்கே வந்தாலும் நிறத்தை எடு, கறுப்புக் கட்டம் போடு, மெழுகுதிரி வை என்று முன்னர் யாரோ எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை. அதுவரை அந்தப் போர்ட்டலில் படத்தோடு வந்த மீனவர்கள் எல்லோரும் அஞ்சலிப் பக்கத்துக்கு வந்தவர்கள், இறந்துபோனவர்கள். உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தை அங்கே போட வேண்டி வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறின்சிக்குக் கோபம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"இந்த விதியைத் தூக்கி எறியட்டே?" என்றான் சதீஸ்.

"வேண்டாம். செத்த ஆக்களின்ர பக்கம் குழம்பிப்போகும், அது அப்பிடியே இருக்கட்டும். நாங்கள் எங்கட பெட்டியை அடைப்பம்."

வெளியே எழுதிய விதி எதுவும் உள்ளே இறங்காதபடி ஒரு பெட்டியை அடைத்துவிடலாம். முதலே செய்திருக்க வேண்டிய வேலை. அடைத்தாள். தன் நீலத்தையும் பச்சையையும் எழுத்துகளையும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். இந்த முறை போர்ட்டலுக்குள் ஏற்றி, கணினியில் பார்த்தாள், தன் போனில் பார்த்தாள், சதீசின் போனையும் வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, இப்ப திறந்து பாருங்கோ."

ஞானமலர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நீலமாயிட்டுது. வடிவாத்தான் இருக்கு. ஆனா ஆள் வரேல்லையே, பிள்ளை."

நிறத்தை மாற்றலாம், வள்ளத்தைக் கரைக்கு இழுக்கவா முடியும்? பிறின்சி தொலைபேசியை வைக்கவில்லை. தாய் கடற்கரைப் பக்கம் நடந்து போவதை அதற்குள் இரைந்த காற்றில் அறிந்துகொண்டாள். இத்தனை நாளும் அப்பா கடலுக்குப் போனார், வந்தார், அவளும் ஒருநாளும் இப்படிக் காத்திருந்ததில்லை.

திடீரென்று ஞானமலர் ஏதோ கத்தினாள். தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. பிறின்சி மீண்டும் மீண்டும் எடுத்தாள்.

அப்போதுதான் திரையில் பேதுருவின் படத்தைச் சுற்றியிருந்த நீலம் பச்சையானது. அடுத்த நிமிடம் போன் அடித்தது.

"என்னடி பிள்ளை, என்னைச் சாகடிச்சுப்போட்டியாம்?"

அப்பாவின் கரகரத்த குரல்.

"அங்கால ஒரு வள்ளம் எஞ்சின் நிண்டு கிடந்தது. கட்டி இழுத்துக்கொண்டு வந்தனாங்கள், அதுதான் சுணங்கிப்போச்சு. நான் இறங்க முதலே கொம்மா தண்ணிக்குள்ள ஓடி வந்து முதுகில ரெண்டு போட்டாள். இப்ப கையைப் பிடிச்சுக்கொண்டு விடுறாள் இல்லை, சனமெல்லாம் பாக்குது."

"பட்டனை நீங்களே அப்பா அமத்தினது?"

"எங்க விட்டாள்? தான்தான் அமத்துவன் எண்டு போனைப் பறிச்சுப்போட்டாள். அவசரத்தில ரெண்டு தரம் பிழைச்சு, மூண்டாந்தரம்தான் சரிவந்தது."

பிறின்சி மேசையில் தலையை வைத்து விம்மி விம்மி அழுதாள். சதீஸ் பதறிப்போய்த் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்ன, திரும்பவும் பிழைச்சிட்டுதோ?"

"இல்லையடா," என்றாள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அப்பா வந்திட்டார்."