அக்காவின் கால் முடிச்சுகள்

அக்கா வெறுங்காலோடு நின்ற இடமெல்லாம் பச்சை பிடிக்கத் தொடங்கி அன்றோடு பதினேழு நாள். கால்விரல்களில் மிளகளவு முடிச்சுகள் கொத்தாய் வந்திருந்தன. வலியில்லை. புதிதாக வாங்கிய வெள்ளை ஷூ மட்டும் ஏறவில்லை. அடுத்த மாதம் வெளியூர் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர வேண்டியவள்.

வீட்டில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அம்மா அவளைத் தக்காளித் தொட்டிக்குள் நிற்கவைத்து வெங்காயம் உரிக்கச் சொன்னாள். சித்தப்பா தன் வறண்ட நிலத்துக்குக் கூட்டிப்போனார். "சும்மா நிக்கிறதுதானே, காலா தேஞ்சிடும்?" என்றார். பக்கத்து வீட்டுக்காரி தன் முறை எப்போது என்று கேட்டனுப்பினாள்.

தங்கைக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். காட்டுப் பயறுகளின் வேர்முடிச்சுகளை வெட்டிப் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் அவள் வேலை. முடிச்சுக்குள் குடியேறும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தரும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த அக்கா, காத்திருந்த நேரத்தில், பாக்டீரியா சேர்க்காமல் ஒப்பீட்டுக்கென்று வெளிறவிட்டிருந்த செடிகளின் பாத்தியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மறுநாள் அத்தனையும் கரும்பச்சை. அந்த ஆண்டின் ஆராய்ச்சி மொத்தமும் வீணானது. மேலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"உதிர்ந்திடுமாடி?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "பயறுச் செடியில பூக்குற காலம் முடிஞ்சா உதிர்ற மாதிரி உதிர்ந்திடும்க்கா" என்பாள் தங்கை.

"அறுவடை முடியட்டும், வேலைக்குப் போய்க்கலாம்" என்றாள் அம்மா. அறுவடைகள் வந்தன, போயின. நர்ஸ் வேலை வேறொருத்திக்குப் போனது. ஷூவை அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தாள். தெருவே தழைத்துக் கிடந்தது. அக்காவுக்குக் காதோரம் நரைத்தது.

ஒரு மாலை அக்கா தொட்டிக்குள் நின்றபடியே காலை நீட்டினாள். தங்கை பிளேடால் ஒரு முடிச்சைக் கீறினாள். இன்னும் இளஞ்சிவப்பு.

"பொய் சொல்லாத. உள்ள இருக்கிறது என்னைக்காவது வெளிய வருமா?"

"வராதுக்கா. ஒரு தடவ உள்ள போயி வேலைய ஆரம்பிச்சிட்டா, அதுக்கு அப்புறம் தனியா வாழத் தெரியாது."

"உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?"

உள்ளேயிருந்து அம்மா, கத்திரிச் செடி வாடுகிறது என்று குரல் கொடுத்தாள். அக்கா ஒரு காலைத் தூக்கி அடுத்த தொட்டியில் வைத்தாள்.

"முதல் நாள்லேருந்து" என்றாள் தங்கை.