உறவல்லாத இருவர்

ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் செய்கிறவளை எல்லோரும் கால்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. யாருக்கு எந்த அளவு, யார் எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளைப் பற்றித்தான் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கல்யாணம் ஆகவில்லை. தூரத்து ஊரில் ஓர் அண்ணன், வருஷத்துக்கு ஒரு போன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை வாய்க்கு வேலை கிடையாது.

அப்பேர்ப்பட்டவளை வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று ஆறு மாதத்துக்கு அழைத்தது. அவர்கள் வேலையை இவள் கற்றுக்கொள்ள வேண்டும், இவள் வேலையை அவர்களுக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பரிமாற்ற விசா என்று பெயர். பாஸ்போர்ட், பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்றார்கள். ஓடிப் போய்ப் புதுப்பித்தாள். போட்டோவில் காது தெரிய வேண்டும், மூக்குக்கண்ணாடி கூடாது, சிரிக்கவே கூடாது என்றார்கள். கடைசியாகச் சொன்னதில் அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

விண்ணப்பத்தின் நடுப்பக்கத்தில்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. உங்களை நன்றாக அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் பெயரும் போன் நம்பரும் தருக. தேவைப்பட்டால் அவர்களை அழைத்து விசாரிப்பார்களாம்.

முதல் பெயருக்கு மேலாளர் இருந்தார். இரண்டாவதற்கு யாரைப் போடுவது? கால் வாங்கிக்கொண்டவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனால் கால் பொருந்திவிட்டால் நடந்து போய்விடுகிறார்கள், அதற்குத்தானே கால். பள்ளித் தோழிகளின் பெயர் ஞாபகம் இருந்தது, நம்பர் இல்லை. இத்தனை வயதுக்கு ஒரே ஒரு ஆள் கிடைக்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது, பிறகு அழுகை வந்தது. விண்ணப்பம் நனைந்துவிடக் கூடாதென்று அதைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள்.

எதிர்வீட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். குரல் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்கும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் இருவரும் தலையாட்டிக்கொள்வதோடு சரி. கால்காரம்மா கூச்சத்தை விழுங்கிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"பேரு குடுக்கறதுல எனக்கு என்னக்கா? தாராளமா எழுதிக்குங்க. ஆனா போன் பண்ணி, 'அவங்களை நல்லாத் தெரியுமா'ன்னு கேட்டா நான் என்ன சொல்ல? எனக்கு உங்க பேரே தெரியாதே!"

"நான் சொல்லித் தரேன்."

"அப்ப உள்ள வாங்க. வாசல்ல நின்னுக்கிட்டா பாடம் நடத்துவாங்க?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. கால்காரம்மா விசா அதிகாரியாக மாறிக் குரலைக் கடுமையாக்கிக்கொள்வாள்.

"அவங்க திரும்பி வருவாங்களா?"

"கண்டிப்பா வருவாங்க சார். அவங்க இல்லாட்டி இங்க பாதிப் பேரு நொண்டிக்கிட்டு நிப்பாங்க."

"நொண்டின்னு சொல்லாதே."

"சரி, உக்காந்துக்கிட்டே இருப்பாங்க."

கால்காரம்மா சிரித்துவிட்டாள். தன் சிரிப்பு இவ்வளவு சத்தமாக இருக்கும் என்பது அவளுக்கே மறந்து போயிருந்தது. போகப் போகப் பாடம் விண்ணப்பத்தைத் தாண்டிப் போனது. எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, எதற்குப் பயம், ஏன் கல்யாணம் ஆகவில்லை என்றெல்லாம் வேன்காரி துருவித் துருவிக் கேட்டாள்.

"இதையெல்லாமா கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

நேர்காணல் நாள் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "திரும்பி வர்றதுக்கு இங்க உங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார்.

"வேலை இருக்கு, நோயாளிங்க இருக்காங்க. கண்டிப்பா வந்துடுவேன்" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அது பச்சைப் பொய். அங்கேயே ஒரு வழி பிறந்தால் இருந்துவிடலாம் என்றுதான் அழைப்பு வந்த நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். யாருக்காகத் திரும்பி வர வேண்டும்? பாஸ்போர்ட் கூரியரில் வரும் என்றார் அதிகாரி. பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் எதிர்வீட்டில் கொடுக்கும்படி எழுதிக் கொடுத்தாள்.

பிறகு காத்திருப்புதான். வேன்காரி குளிக்கப் போனாலும் போனைக் கையோடு எடுத்துப் போனாள். "இன்னும் யாரும் கூப்பிடலைக்கா" என்பாள். "பாஸ்போர்ட்டும் வரலையே" என்பாள் இவள். பாடம் மட்டும் தவறாமல் நடந்தது. சேர வேண்டிய தேதி நெருங்க நெருங்க மேலாளர் முகம் கடுகடுத்தது. குறித்த நாளில் போகாவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். கால்காரம்மா கூரியர் ஆபீசுக்கு போன் போட்டாள்.

"அதைக் குடுத்து ரொம்ப நாளாச்சேம்மா. உங்க எதிர்வீட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க."

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதையாகிவிட்டது. கால்காரம்மா தட்டாமலே எதிர்வீட்டுக்குள் நுழைந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே வேன்காரிக்குப் புரிந்துவிட்டது. அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து பிரிக்காத உறையை எடுத்து நீட்டினாள்.

"தெரிஞ்சேவா வெச்சிருந்தே?"

"தெரிஞ்சேதான்."

"என் இடம் கை நழுவிப் போயிருந்தா என்னடி பண்ணியிருப்பே?"

"நாளைக்குக் குடுத்துடலாம், நாளைக்குக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். இது கைக்கு வந்துட்டா அப்புறம் நீங்க எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறீங்க?"

கால்காரம்மா கத்தினாள். துரோகி என்றாள், திருடி என்றாள், வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். வேன்காரி, அவ்வளவு பெரிய குரல் இருந்தும், தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கத்திக்கொண்டிருக்கும்போதே கால்காரம்மாவுக்கு உறைத்தது. தான் போகக் கூடாதென்று இதுவரை யாரும் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. ஒருத்தி திருடவே செய்திருக்கிறாள். கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உறையைப் பிரித்தாள். விசா ஒட்டியிருந்தது.

வேன்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"திரும்பி வருவீங்களாக்கா?"

"ஆறு மாசம்னு போட்டிருக்கே, பாரு."

"அது அவங்க போட்டது. நான் உங்களைக் கேக்கறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவரிடம் ஒரே மூச்சில் சொன்ன பதில் இப்போது கால்காரம்மாவின் வாயில் வரவில்லை. பாஸ்போர்ட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேன்காரி அவளைப் பார்த்தபடி, பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.