கணக்கில் வராத இரண்டடி

ஆகஸ்ட் 9, வெள்ளி. நேற்று எழுதியதில் ஒரு பிழை. வீடு ஐந்தடி அரை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தேன். அளவு நாடாவின் முனைக் கொக்கி வளைந்திருந்ததைக் கவனிக்கவில்லை. சரியான உயரம் ஐந்தடி. நாங்கள் தூக்கியது மூன்றடி.

இதை எழுதியவளுக்கு வயது இருபது. பகலில் தாய்மாமனின் வீடு தூக்கும் குழுவில் விசில் ஊதிக் கணக்கு வைப்பாள். மாலையில் மாலை வகுப்பில் உட்கார்ந்து, இரண்டு முறை கோட்டை விட்ட இயற்பியலை மூன்றாம் முறையாகப் படிப்பாள். எழுதியதை மறுநாள் திரும்பப் படித்து, தப்பிருந்தால் தேதி போட்டுத் திருத்துவது அவள் பழக்கம். தப்பில்லாத நாட்களில் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். குழுவில் அவளுக்குப் பெயரே திருத்தம்தான். "திருத்தம் வந்தாச்சு, தேதியைச் சரி பாத்துக்குங்கப்பா" என்றுதான் காலையில் வேலை தொடங்கும்.

இந்த முறை தூக்கியது அவள் சொந்த வீட்டை. இரண்டு அறை, ஒரு சமையலறை, அறுபது டன். மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க அங்கேதான் வந்து தங்கும். அம்மா தையல்காரி. வீட்டில் தண்ணீருக்கு மேலே எதையும் வைக்க இடம் கிடையாது என்பதால், ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு நாள் தண்ணீர் வடியும்வரை தையல் மெஷினை மேஜையோடு தோளில் வைத்துக்கொண்டு நின்றாள். பதினேழு மழைக்காலம் அப்படிப் போனது. முதல் மழைக்கு மகள் கைக்குழந்தை. அவளையும் மெஷின் மேலேயே படுக்க வைத்திருந்தாளாம். பதினெட்டாவது மழைக்கு முன்னால் வீட்டைத் தூக்கிவிட வேண்டும் என்று மனுப் போட்டார்கள். மூன்றடிக்கு அனுமதி வந்து சேர இரண்டு வருடம் ஆனது; நல்லவேளையாக அந்த இரண்டு வருடமும் மழை பொய்த்தது. அந்த இரண்டு வருடத்துக்குள் அதே அலுவலகம் தெருவை இரண்டடி உயர்த்தித் தார் போட்டுவிட்டது. அனுமதித் தாளில் மட்டும் மூன்றடி மூன்றடியாகவே இருந்தது.

அஸ்திவாரத்தை வெட்டி, சுவருக்கு அடியில் இரும்புச் சட்டம் கொடுத்து, நாற்பது ஜாக்கி நிறுத்தினார்கள். எட்டுப் பேர், ஆளுக்கு ஐந்து ஜாக்கி. அவள் ஒரு விசில் ஊதினால் ஒவ்வொரு ஜாக்கிக்கும் கால் சுற்று. நான்கு விசிலுக்கு வீடு கால் அங்குலம் ஏறும். ஜாக்கியில் செருகிய நீளமான கம்பியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடந்து, கையால் அசைக்கவே முடியாத பாரத்தைக் கடுகளவு கடுகளவாக ஏற்றுவதுதான் அந்தத் தொழில். பலத்தில் மிச்சம் பிடிப்பதைத் தூரத்தில் கொடுத்தாக வேண்டும். ஒன்பது நாளில் ஐந்நூற்று எழுபத்தாறு விசில். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. புதன்கிழமை மாலை மூன்றடி முடிந்தது.

அன்றைய வகுப்பில் ஆசிரியர் வேலைக்கு இலக்கணம் சொன்னார். விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வேலை. நகராவிட்டால் வேலையே இல்லை. சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க ஆடாமல் நின்றாலும் அவர் சுமையின் மேல் செய்த வேலை பூஜ்ஜியம். அவளும் நோட்டில் பூஜ்ஜியம் என்று எழுதி அடிக்கோடிட்டாள். தூக்கும் வேலை முடியும்வரை எதிர் வீட்டு அறையில்தான் தங்கியிருந்தார்கள். அங்கே சாப்பிடும்போது, படித்ததை ஒப்பிக்கிற பழக்கத்தில், அம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டாள். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்க வாத்தியாரை வந்து அந்த மெஷினை அஞ்சு நிமிஷம் புடிச்சுக்கிட்டு நிக்கச் சொல்லு. அப்புறம் போர்டுல பூஜ்ஜியம் போடட்டும், நானே சாக்பீஸ் எடுத்துக் குடுக்கறேன்."

மறுநாள் காலையில் ஜாக்கிகளின் தலைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே இரண்டடி வெற்றிடம் இருந்தது. வீடு அதற்கு மேலே சும்மா நின்றது. சுவரில் ஒரு விரிசல் கூட இல்லை. குழுவில் மூத்தவர் ஒரு ஜாக்கியின் தலையில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்துப் பார்த்தார். அதற்கு மேல் இன்னும் மூன்று டப்பாவுக்கு இடம் இருந்தது. நிழலாக இருக்கிறதென்று எல்லோரும் அங்கேயே சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். படிவத்தை விரித்தார். கூடுதல் உயரம் இரண்டடி. அதற்குக் காரணம் என்ற கட்டம் காலி. அறுபது டன் தானாக மேலே போகாது, யாராவது தூக்கியிருக்க வேண்டும் என்றார். அது நியாயமான பேச்சுதான் என்று அவளுக்கும் பட்டது. விசில் எண்ணிக்கையில் பிழை என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், வீட்டை மூன்றடிக்கு இறக்கிவிட்டுக் கோப்பை மூடிவிடலாம். இல்லாவிட்டால் மாமாவின் குழுவுக்கு வேலை உரிமம் நிறுத்தப்படும். இந்தப் பெண் தப்பை ஒத்துக்கொள்ளத் தயங்காதவள் என்று தெருவில் யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். பேனா மூடியைக் கழற்றியே நீட்டினார்.

அவள் கோடுகளை முதலிலிருந்து எண்ணினாள். ஐந்நூற்று எழுபத்தாறு. கடைசியிலிருந்து எண்ணினாள். அதேதான். வாழ்க்கையில் முதல் முறையாக அவள் நோட்டில் பிழை இருந்தால் நன்றாக இருக்கும் என்று மற்றவர்கள் ஆசைப்பட்டார்கள், பிழையைத்தான் காணோம். மூன்றடிக்கு இறங்கினால், உயர்ந்த தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வரும், அம்மாவின் தோளுக்கு மெஷின் திரும்பிவிடும். மாமா அவளைத் தனியே கூப்பிட்டார். "உரிமத்தை நான் பாத்துக்கறேன் கண்ணு. கையெழுத்து உன்னோடது. அதை மட்டும் நீ பாத்துக்க" என்றார்.

அதற்குள் அதிகாரி கூரைமேல் இருநூறு மணல் மூட்டை அடுக்கச் சொன்னார். ஏணி வளைந்ததே ஒழிய வீடு இறங்கவில்லை. அவரே மேலே ஏறி இரண்டு முறை குதித்துப் பார்த்தார்.

அவள் ஒரு ஜாக்கியில் சாய்ந்து உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மேஜையோடு மெஷின் நாற்பது கிலோ. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஒரு சென்டிமீட்டர் ஏறும். ஏறியது இறங்கிவிடுகிறது, அதனால் பூஜ்ஜியம் என்பார் ஆசிரியர். இறங்கியதை அவள் கழிக்கவில்லை. கழிக்காதது சரிதானா என்று அரைப் பக்கம் தனக்குத்தானே வாதாடிவிட்டு, கழிக்காமலே விட்டாள். அறுபது டன்னை இரண்டடி தூக்க அப்படித் தொண்ணூற்று ஓராயிரத்து ஐந்நூறு மூச்சு வேண்டும். ஒரு மழைக்கு எத்தனை மணி நேரம் நின்றாள் என்று அம்மாவைக் கேட்டாள். ஆறு மணி நேரம் என்றாள் அம்மா. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு, பதினேழு மழை: தொண்ணூற்று ஓராயிரத்து எண்ணூறு.

"முந்நூறு மூச்சு மிச்சம் வருதும்மா."

"அது உன்னைத் திட்டினதுல போயிருக்கும்" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடி.

அவள் படிவத்தை வாங்கிக் கட்டத்தில் எழுதினாள்: அம்மா தாங்கி நின்றது, பதினேழு மழைக்காலம், நூற்றிரண்டு மணி நேரம். கணக்கைப் பின்பக்கம் முழுசாகப் போட்டுக் கையெழுத்திட்டாள். அதிகாரி இரண்டு முறை படித்தார். சும்மா நின்றதற்கெல்லாம் வேலை என்று பெயர் கிடையாது, எந்தப் புத்தகத்திலும் கிடையாது என்றார்.

"அப்ப புத்தகத்தைத்தான் சார் திருத்தணும். என் நோட்டுல தப்பு இல்ல."

சொல்லிவிட்டுப் பேனாவை மூடி அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். சட்டத்துக்கு அடியில் கையை நீட்டி, அங்கே எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, கையை எடுத்துக்கொண்டார். காலியாக இருந்தால்தான் கேள்வி வரும், கட்டம் நிரம்பிவிட்டது என்று முத்திரை குத்திவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துப் போனார்.

பிழையை ஒத்துக்கொள்ளாததற்கு, சொன்னபடியே மாமாவின் உரிமம் எட்டு மாதம் நிறுத்தப்பட்டுத் திரும்பக் கிடைத்தது. அடுத்த பதினோரு வருடத்தில் நான்கு அதிகாரிகள் அந்தக் கோப்பைப் பிரித்துப் பின்பக்கக் கணக்கைச் சரிபார்த்தார்கள். ஒருவருக்கும் பிழை அகப்படவில்லை. தேர்வில் அதே கேள்வி வந்தபோது பூஜ்ஜியம் என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கினாள். கீழே, இது எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது என்றும் எழுதினாள். மழைத் தண்ணீர் வருடா வருடம் வந்து, வீட்டுக்கு அடியில் புகுந்து, மறுபக்கம் போனது. ஜாக்கிகளைக் கழற்றி வேறு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நாட்குறிப்பின் கீழே அவள் எழுதியது:

நாளை: காலை ஏழு மணிக்குச் செங்கல் இறங்கும். வாசலுக்குப் படி கட்ட வேண்டும். எட்டுப் படி என்றால் ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம், அம்மா முழங்காலுக்கு ஆகாது. பத்துப் படி, ஆறு அங்குலம்.